டவரடிப் பெட்டி

லாரி யார்டில் ஆள் செத்து அன்றோடு மூன்று நாள். காலை பத்து மணிக்கு டெக்னீஷியன் தன் ஸ்கூட்டரை செல்போன் டவரின் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். வேலையிடத்தில் எல்லோருக்கும் அவள் டெக்னீஷியன்தான். வீட்டில் மட்டும் சின்னவள். அவளுக்கு மேலே ஒரே ஓர் அக்கா, பெரியவள். அப்பாவும் அம்மாவும் போன பிறகு அக்காவும் அக்கா புருஷனும் இருந்த இடம்தான் அவளுக்கு வீடு.

"என்னம்மா, மாப்பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா?" என்றார் காவலாளி.

டவருக்கு அடியில் ஓர் இரும்பு அறை. அதற்குள் இருந்த கணினிப் பெட்டியைத்தான் அவர் மாப்பிள்ளை என்பார். "நான் வெயில்ல காயறேன், அவரு ஏசியில உக்காந்திருக்காரு. ஏசி நின்னா உடனே கோவிச்சுக்கிட்டு வேலையை நிறுத்திடறாரு. மாப்பிள்ளைன்னு சொல்லாம வேற என்னன்னு சொல்றது?" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

"மாப்பிள்ளை மேல பழி விழுந்திருக்குண்ணே. என்ன நடந்துச்சுன்னு விசாரிக்க வந்தேன்" என்றாள் அவள். சிரிக்கவில்லை.

டவரை ஒட்டிய மதிலுக்கு அந்தப் பக்கம் யார்டு. ஒரு நாளைக்கு முந்நூறு லாரி வந்து போகும். அங்கே பதினாறு கேமராக்கள். அவை பிடிக்கும் படமெல்லாம் கம்பியில்லாமல் டவருக்கு வரும். டவரடிப் பெட்டி அதைப் பார்த்துக்கொண்டே இருக்கும். லாரி ரிவர்ஸில் வரும்போது யாராவது குறுக்கே போனால் யார்டில் ஹாரன் அலறவேண்டும். அதற்குக் கிடைப்பது கண் இமைக்கிற நேரம். தொலைதூர நகரத்தில் இருக்கும் கம்பெனியின் பெரிய கணினி நிலையத்துக்குப் படத்தை அனுப்பி, அங்கே அது யோசித்து, பதில் திரும்பி வருவதற்குள் சக்கரம் ஏறிவிடும். அதனால் யோசிக்கிற வேலையை டவரடியிலேயே வைத்துவிட்டார்கள். இத்தனை லாரி வந்தது, இத்தனை தடவை ஹாரன் அடித்தது என்ற கணக்கு மட்டும்தான் மேலே போகும். படம் இங்கேயே தங்கும், எழுபத்திரண்டு மணி நேரம். அதன் பிறகு புதுப் படம் பழையதன் மேல் எழுதிவிடும்.

செத்தவன் யார்டில் சுமை தூக்கியவன். ஆறடிக்கு மேல் உயரம், அதனால் நெட்டையன். ரிவர்ஸில் வந்த லாரி அவன் மேல் ஏறிவிட்டது, ஹாரன் அடிக்கவேயில்லை என்று யார்டிலிருந்து எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அவளுடைய மேலதிகாரி போனில் கிழி கிழி என்று கிழித்துவிட்டார். "உன் பெட்டிதான் ஆளக் கொன்னுருக்கு" என்றார்.

அந்தச் சொல் அவளை விடவில்லை. நேற்று சாயங்காலம் அக்கா புருஷனுக்குப் போன் செய்தாள். அவர்தான் யார்டின் மேஸ்திரி.

"மாமா, அது எத்தனை மணிக்கு ஆச்சு? எந்தப் பக்கம்?"

"ஏன், உனக்கெதுக்கு அது?"

"ஹாரன் ஏன் அடிக்கலன்னு பாக்கணும். பெட்டியில மூணு நாளு படம் இருக்கும் மாமா. நேர்ல போய்த்தான் பாக்க முடியும். நாளைக்குக் காலையில போறேன்."

மேஸ்திரி, "நாலு, நாலரை இருக்கும். போய்ப் பாரு" என்று வைத்துவிட்டார்.

அறைக்குள் மூன்று பேர் நின்றால் முழங்கை இடிக்கும். இடப்பக்கம் சர்வர் ரேக். வலப்பக்கம் அதே உயரத்தில் இன்னொரு ரேக், அதில் பேட்டரிகள். சாம்பல் நிறத் தகடு, கைப்பிடி, முகப்பில் பச்சை விளக்கு என்று பார்வைக்கு அதுவும் சர்வர் போலவே இருக்கும். விஷயம் தெரியாதவர்கள் இரண்டையும் மாற்றித்தான் சொல்வார்கள். அவள் லேப்டாப்பை மாட்டி, நாலு மணியிலிருந்து ஒவ்வொரு கேமராவாகத் தள்ளிப் பார்த்தாள்.

பதினொன்றாவது கேமராவில் நெட்டையன் வந்தான். கன்டெய்னர் வரிசைக்குப் பின்னால் இருந்த சந்து அது. மேஸ்திரி அவன் தோளில் கை போட்டு அழைத்து வந்தார். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் நின்றிருந்தார்கள்: மொட்டை என்று எல்லோரும் கூப்பிடுகிற அடியாள், அப்புறம் கிரேன்காரன். நால்வரையும் சுற்றிப் பெட்டி பச்சைக் கட்டம் வரைந்திருந்தது. ஆளைக் கண்டால் அது அப்படித்தான் வரையும்.

படத்தில் சத்தம் இல்லை. மேஸ்திரி விரலை நீட்டி ஏதோ சொன்னார். நெட்டையன் தலையை ஆட்டி மறுத்தான். மேஸ்திரி அறைந்தார். நெட்டையன் திருப்பி ஒன்று கொடுத்தான், மேஸ்திரி கன்டெய்னரில் போய் மோதினார். அவ்வளவுதான். மொட்டை பின்னாலிருந்து இரும்புக் குழாயால் அவன் முழங்காலில் அடித்தான். மண்டியிட்டவனின் முதுகில் இன்னொன்று. கிரேன்காரன் மிதித்தான். நெட்டையன் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்துச் சுருண்டான். அப்போது மேஸ்திரி குழாயைக் கேட்டு வாங்கினார். முதல் அடி கையில் விழுந்தது. கை விலகியது. அதன் பிறகு விழுந்ததெல்லாம் தலையில்.

அடி நின்ற பிறகு பச்சைக் கட்டம் மூன்றுதான் இருந்தது. மடங்கி அசையாமல் கிடப்பதைப் பெட்டி ஆள் என்று எண்ணுவதில்லை.

பிறகு காலைப் பிடித்து இழுத்துப் போய், நின்றுகொண்டிருந்த லாரியின் சக்கரத்துக்கு முன்னால் போட்டார்கள். கிரேன்காரன் ஏறி லாரியை முன்னால் நகர்த்தினான். ரிவர்ஸில் வந்தால்தான் ஹாரன். முன்னால் போகிற லாரியில் பெட்டிக்கு வேலையே இல்லை.

சின்னவள் படத்தை நிறுத்தினாள். வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் டிப்ளமா படிக்க விண்ணப்பம் வாங்கி வந்து, பக்கத்தில் உட்கார்ந்து நிரப்பிக் கொடுத்தது குழாயைப் பிடித்த அந்தக் கைதான்.

வெளியே காவலாளியின் குரல் கேட்டது. "யாருய்யா நீங்க? உள்ளல்லாம் போகக் கூடாது..." சொல்லி முடிக்கவில்லை. ஏதோ உடையும் ஓசை. கதவைத் திறந்தாள். காவலாளி மண்டியிட்டிருந்தார். நெற்றி பிளந்து ஒரு கண் தெரியாமல் ரத்தம் வழிந்தது. மொட்டை கையிலிருந்த கடப்பாரையை மறுபடி ஓங்கி அவர் தோளில் இறக்கினான். அவர் முகம் குப்புறச் சரளைக்கல்லில் விழுந்தார். கிரேன்காரன் கேட்டை உள்ளிருந்து சாத்திக்கொண்டிருந்தான்.

மேஸ்திரி அவளை மார்பில் கை வைத்து உள்ளே தள்ளினான். மொட்டையும் பின்னால் வந்து கதவைச் சாத்தினான்.

"பாத்துட்டியா?" என்றான் மேஸ்திரி.

திரையில் லாரி இன்னும் நின்றுகொண்டிருந்தது. பொய் சொல்ல வழியில்லை.

"மாமா..."

"இன்னைக்கு சாயங்காலம் தானா அழிஞ்சிருக்கும். ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காது. நீ எதுக்கு இன்னைக்குப் பாத்து நோண்டுற?"

"அந்த ஆளக் கொன்னுட்டீங்க."

"மிரட்டத்தான் கூட்டிட்டுப் போனேன். போன மாசம் கன்டெய்னர் கதவு விழுந்து ஒருத்தனுக்குக் கால் போச்சுல்ல? அது யார்டுக்குள்ள நடக்கவே இல்லைன்னு எழுதியாச்சு. இவன் சாட்சி சொல்வேன்னு நிக்கறான். எவ்வளவோ எடுத்துச் சொன்னேன். கை நீட்டிட்டான்."

"படத்துல நீங்கதான் மொதல்ல அடிச்சீங்க."

கன்னத்தில் அறை விழுந்தது. காதுக்குள் ரீங்காரம். அக்கா வீட்டில் இருந்த இந்தப் பதினோரு வருஷத்தில் அவன் அவளை அடித்ததில்லை. உதட்டில் உப்புக் கரித்தது.

"டிஸ்க்கைக் கழட்டு" என்றான்.

அவள் கழற்றினாள். நாலு டிஸ்க்குகளையும் மேஸ்திரி ஒரு சாக்குப் பையில் போட்டுக்கொண்டான். மொட்டை கடப்பாரையால் சர்வரைக் குத்தினான். தகடு கிழிந்து உள்ளே இருந்த விசிறிகள் கிறீச்சிட்டு நின்றன. லேப்டாப்பைத் தரையில் போட்டு மிதித்தான். காவலாளியை அடிக்கும்போது இருந்த அதே நிதானம் இதிலும் இருந்தது.

மேஸ்திரி அவள் முகத்தைப் பிடித்துத் திருப்பினான். குரல் தணிந்திருந்தது. "வீட்டுக்குப் போ. திருடனுங்க வந்தானுங்க, மூஞ்சியத் துணியால மூடியிருந்தானுங்கன்னு சொல்லு. உங்க அக்காவை நெனச்சுக்க. நான் உள்ள போனா அவ என்ன ஆவா? புரியுதா?"

அவள் தலையை ஆட்டினாள். உயிரோடு வெளியே போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

மேஸ்திரி கதவுப் பிடியில் கை வைத்தான். அந்த நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம் ஹாரன் அலறியது. இரண்டு குட்டைச் சத்தம், ஒரு நீளச் சத்தம்.

மேஸ்திரியின் கை பிடியிலேயே நின்றுவிட்டது.

"பெட்டிதான் செத்துப்போச்சே. அது எப்படி அடிக்குது?"

"யாராச்சும் கையால அடிச்சிருப்பாங்க மாமா."

"கையால அடிக்க அதுல சுவிட்சே கிடையாது. பசங்க விளையாடுவாங்க, சுவிட்ச் வேணாம்னு சொன்னதே நான்தான்." அவன் சாக்குப் பையைக் கீழே வைத்தான். "இன்னொரு பெட்டி இருக்கு. எங்க இருக்கு?"

இருந்தது. யார்டுக்கு மறுபுறம், ஆறு மாடி அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் மொட்டை மாடியில் இன்னொரு டவர். இந்தப் பெட்டி நின்றால் அந்த நொடியே அது வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்காக இங்கே இருக்கும் படமெல்லாம் அங்கேயும் ஒரு பிரதி எப்போதும் இருக்கும். அந்த மொட்டை மாடி அறையில் ஒரு காவலாளி தன் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்தார். போகும்போதெல்லாம் அந்தப் பெண் சின்னவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள்.

மேஸ்திரி மொட்டையைப் பார்த்தான். மொட்டை அவள் வலது கையைப் பிடித்து ரேக் கதவின் இடுக்கில் வைத்தான். மேஸ்திரி கதவை உதைத்தான்.

அவள் போட்ட சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. எலும்பு நொறுங்கியது மட்டும் கேட்டது. கதவு திறந்தபோது மூன்று விரல்கள் வேறு யாருடையவோ போலத் தொங்கின.

"சொல்லு."

"தெரியாது மாமா... தெரியாது..."

மறுபடி உதைத்தான். அவள் அப்படியே சறுக்கித் தரையில் உட்கார்ந்தாள். கண் இருட்டியது. இன்னும் ஓர் உதை விழுந்தால் சொல்லிவிடுவோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. சொன்னால் இந்தக் கடப்பாரை ஆறு மாடி ஏறும். அந்தப் பெண் கதவைத் திறப்பாள், இடுப்பில் குழந்தையோடு.

இடது கையைத் தூக்கி வலப்பக்க ரேக்கைக் காட்டினாள்.

"அதான்... அதான் ரெண்டாவது பெட்டி. டிஸ்க்கு வெளிய வராது. உடைச்சாத்தான் உண்டு."

பேட்டரியைக் காட்டுகிறோம் என்று தெரிந்தேதான் காட்டினாள். உள்ளே இரும்பு இறங்கினால் என்ன ஆகும் என்று பயிற்சியில் அவளுக்குப் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். அதைப் பிறகு யாரிடமும் அவள் மறைக்கவில்லை.

மேஸ்திரி பச்சை விளக்குகளைப் பார்த்தான். "குத்துடா" என்றான்.

மொட்டை கால்களை அகட்டி நின்று, முழு பலத்தோடு கடப்பாரையை நடுப்பேட்டரிக்குள் பாய்ச்சினான்.

வெள்ளையாக ஒரு வெளிச்சம். இடி அறைக்குள்ளேயே விழுந்தது போன்ற ஓசை. மொட்டை பின்னால் தூக்கி எறியப்பட்டு மேஸ்திரியின் மேல் விழுந்தான். கிழிந்த தகட்டிலிருந்து பாம்பு சீறுவதுபோல் புகை வந்தது, அதன் பின்னாலேயே நெருப்பு, குழாயிலிருந்து தண்ணீர் பீறிடுவதுபோல் நேராக. அது மொட்டையின் சட்டையைப் பிடித்தது, முகத்தைப் பிடித்தது. அவன் எழுந்து, பார்க்காமல் ஓடி, சுவரில் மோதி, மறுபடி நெருப்பிலேயே போய் விழுந்தான். அவன் கத்தியது மனிதக் குரலாக இல்லை.

சின்னவள் தரையோடு தரையாகக் கதவை நோக்கி ஊர்ந்தாள். பின்னலைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். கழுத்து பின்னால் மடங்கியது. மேஸ்திரிதான். அவளைப் பின்னால் தள்ளிவிட்டுத் தான் முந்த அவன் பார்த்தான். பையிலிருந்து சிதறிய ஸ்க்ரூடிரைவர் அவள் இடது கைக்குக் கிடைத்தது. பிடித்திருந்த கையில் குத்தினாள். விடவில்லை. மறுபடி குத்தி, உள்ளேயே வைத்துத் திருகினாள். பிடி விட்டது.

வெளியே வந்து விழுந்தாள். நல்ல காற்று நெஞ்சுக்குள் போனது. கேட்டருகே நின்ற கிரேன்காரன் கதவு வழியாக உள்ளே எரிவதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கேட்டைத் திறந்துகொண்டு ஓடியே போய்விட்டான்.

அவள் எழுந்தாள். ஓடவில்லை. திரும்பி, அந்த இரும்புக் கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினாள். வெளித்தாழ்ப்பாளை இறக்கினாள். அதன் மேல் முதுகை வைத்து நின்றாள்.

உள்ளிருந்து கதவு அதிர்ந்தது. கை அறைகிற ஓசை, பிறகு உடம்பே மோதுகிற ஓசை. முதுகு சுட்டது. "சின்னவளே! ஏய் சின்னவளே!" நடுவில் இருமல். "தொறடி... தொறம்மா..." அவள் எதிரே சரளைக்கல்லில் கிடந்த காவலாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் முதுகு ஏறி இறங்கியது. உயிர் இருந்தது.

"உங்க அக்கா..." என்று உள்ளே குரல் உடைந்தது. "உங்க அக்கா..."

அவள் தாழ்ப்பாளைத் தூக்கினாள். மேஸ்திரி முகம் தரையில் பட வந்து விழுந்தான். தலைமயிர் இல்லை. இரண்டு கைகளிலும் தோல் கையுறை கழன்றதுபோல் தொங்கியது. மொட்டை வரவில்லை.

யார்டு ஆட்கள் மதில் ஏறிக் குதித்து வந்தார்கள். தீயணைப்பு வண்டி வந்தது, போலீஸ் வந்தது. காவலாளியையும் மேஸ்திரியையும் வெவ்வேறு ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மூன்றாவதில் இவளை ஏற்றப் போனபோது இவள் ஏறவில்லை. பெண் இன்ஸ்பெக்டரின் சட்டைக் கையை இடது கையால் பிடித்துக்கொண்டாள்.

"மேடம், நாலு மணிக்கு எல்லாம் அழிஞ்சிடும்."

"எது அழியும்? மொதல்ல கையைப் பாரும்மா. ரத்தம் நிக்கல."

"நெட்டையன் விபத்துல சாகல மேடம். அடிச்சுக் கொன்னாங்க. படம் இருக்கு. இங்க இருந்தது போச்சு, அந்த மொட்டை மாடியில இன்னொண்ணு இருக்கு. நான்தான் நிறுத்தணும். வேற யாரையாவது தலைமை ஆபீஸ்லருந்து வரச் சொன்னா நாளைக்குத்தான் வருவாங்க."

இன்ஸ்பெக்டர் அவளை ஒரு கணம் பார்த்தார். "கையைக் கட்டுங்கப்பா" என்று ஆம்புலன்ஸ்காரரிடம் சொன்னார். "வண்டிய எடு" என்று டிரைவரிடம் சொன்னார்.

லிஃப்ட் சரக்கு ஏற்றிக்கொண்டு மூன்றாவது மாடியில் நின்றிருந்தது. படியில்தான் ஏறினார்கள். நாலாவது மாடியில் அவள் வாந்தி எடுத்தாள். இன்ஸ்பெக்டர் அவளை இடுப்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு போனார். மேலே அந்த மாடிக் காவலாளியின் மனைவி குழந்தையோடு கதவைத் திறந்தாள். இவள் முகத்தில் இருந்த ரத்தத்தைப் பார்த்து, "ஐயோ அக்கா!" என்று பதறினாள். குழந்தை வீறிட்டது.

இன்ஸ்பெக்டரின் லேப்டாப்பை மாட்டி, இடது கை ஒற்றை விரலால் தட்டி, முதலில் அழிப்பதை நிறுத்தினாள். பிறகு பதினொன்றாவது கேமராவின் படத்தைப் பிரதி எடுத்தாள். இன்ஸ்பெக்டர் நின்றபடியே முழுதும் பார்த்தார். கூட வந்த கான்ஸ்டபிள் பாதியில் வெளியே போய்விட்டார்.

"போதும், கெளம்பு. ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்." அவள் மூன்றாவது கேமராவைத் திறந்தாள். யார்டு மதிலோரம் பார்க்கிற கேமரா அது. படத்தின் ஓரத்தில் டவர் கேட்டும் அந்த இரும்பு அறையின் கதவும் விழும். "இன்னைக்குக் காலையில நடந்தது. இதையும் எடுத்துக்கோங்க."

திரையில் அவள் ஊர்ந்து வந்தாள், எழுந்தாள், கதவைச் சாத்தினாள். அவளைச் சுற்றிப் பச்சைக் கட்டம். இன்ஸ்பெக்டர் படத்தின் அடியில் ஓடிய நேரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாழ்ப்பாள் விழுந்ததிலிருந்து அது மேலே போகும்வரை நாற்பத்தொரு விநாடி.

"இதை நீ காட்டாம இருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"தெரியும் மேடம்."

"ஏன் திறந்தே?"

"அக்கா புருஷன்."

"அப்ப ஏன் சாத்தினே?"

அவள் அதையும் பிரதி எடுத்துவிட்டுக் கேபிளைக் கழற்றினாள். இன்ஸ்பெக்டர் மறுபடி கேட்கவில்லை.

கிரேன்காரனை அன்று மாலையே பேருந்து நிலையத்தில் பிடித்தார்கள். காவலாளிக்கு ஒரு கண் போய்விட்டது; தோள் ஆறு மாதத்தில் சேர்ந்தது. மொட்டை அந்த அறையிலேயே முடிந்துபோயிருந்தான். சின்னவளின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மூன்றாவது மடங்காது.

நாலாம் நாள் பெரியவள் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். ஒரே கட்டடம்தான், மேல் மாடியில் போலீஸ் காவலில் புருஷன், கீழ் மாடியில் தங்கை. நாலு நாளும் மேலேயே இருந்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள். கண் வீங்கியிருந்தது. கட்டிலில் உட்காரவில்லை.

"அவருக்குக் கை ரெண்டும் கட்டு. நான்தான் ஊட்டறேன். தொண்டைக்குள்ளயும் வெந்துபோச்சாம், பேச வரல. எழுதவும் முடியல. உதட்ட அசைச்சு அசைச்சுச் சொல்றாரு." நிறுத்தினாள். "நீ கதவச் சாத்திட்டியாம். பொய்தானே?"

"இல்லக்கா."

"காத்துல சாத்திருக்கும்."

"நான்தான்க்கா சாத்தினேன். தாழ்ப்பாளும் போட்டேன்."

பெரியவள் தங்கையின் கட்டுப் போட்ட கையைப் பார்த்தாள். தொடப்போனாள், தொடவில்லை. முந்தானையால் வாயை அழுத்திக்கொண்டு போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. சின்னவள் வீட்டுக்குத் திரும்பவில்லை. காவலாளியின் தெருவிலேயே ஓர் அறை பார்த்துக்கொண்டாள். அவருக்குக் கட்டு மாற்றிவிடவும் ஆள் வேண்டியிருந்தது.

கதவைச் சாத்தியதற்கு அவள் மேல் வழக்கு வேண்டாம் என்று மேலிடம் முடிவு செய்ய ஐந்து மாதம் ஆனது. கொலை வழக்கு எட்டாம் மாதம் விசாரணைக்கு வந்தது. அவள் முதல் சாட்சி. பேட்டரியைக் காட்டியதையும் தாழ்ப்பாள் போட்டதையும் அவளே முந்திச் சொன்னாள். எதிர்த்தரப்பு வக்கீல் நாற்பத்தொரு விநாடியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் ஆட்டினார். அவள் கேட்டதற்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்றாள்.

பிறகு சன்னல்களைச் சாத்தி, சுவரில் படம் போட்டார்கள். நெட்டையனின் தாயை முன்கூட்டியே வெளியே அழைத்துப் போயிருந்தார்கள். மேஸ்திரி கூண்டில் தலை குனிந்திருந்தான். கைகளுக்குத் துணியுறை. பெரியவள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் சொன்னதைத்தான் அவள் இதுவரை நம்பியிருந்தாள்: அடித்தது மொட்டை, நான் விலக்கப் போனேன் என்று. படத்தில் அவன் குழாயைக் கேட்டுக் கை நீட்டினான். மொட்டை தயங்கி, பிறகு கொடுத்தான். நெட்டையனின் கை தலையைவிட்டு விலகியதும் மன்றத்தில் பலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பெரியவள் திருப்பவில்லை. சக்கரம் ஏறி இறங்கும்வரை பார்த்தாள்.

அன்றைய விசாரணை முடிந்ததும் சின்னவள் தாழ்வாரத்து பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பெரியவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். நடுவில் ஒரு பையை வைத்தாள். இரண்டு பேரும் எதிர்ச்சுவரையே பார்த்தார்கள்.

"எத்தனை அடி?" என்றாள் பெரியவள்.

"வக்கீல் பதினாலுன்னு சொன்னாரு. நான் எண்ணலக்கா."

"நான் எண்ணினேன். பதினாலுதான்." பிறகு சொன்னாள்: "அன்னைக்கு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, குளிச்சிட்டு, பசிக்குதுன்னாரு. ரெண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாரு."

பெரியவள் சின்னவளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இல்லாத இடத்தைக் கட்டை விரலால் தடவினாள். அங்கே இன்னும் கூச்சம் இருந்தது. சின்னவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"நீ கதவத் திறந்திருக்கக் கூடாதுடி" என்றாள் பெரியவள்.

மணி அடித்தது. கைதிகளை வண்டியில் ஏற்றுவதற்கு முன் சொந்தக்காரர்கள் ஐந்து நிமிஷம் பார்க்கலாம் என்று கான்ஸ்டபிள் வந்து சொன்னார். பெரியவள் எழுந்தாள். பையைத் திறந்து, தோலுக்குப் போடுகிற களிம்பும் துவைத்து மடித்த சட்டையும் இருக்கிறதா என்று பார்த்தாள். "இங்கேயே இரு, போயிடாதே" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு, கான்ஸ்டபிளின் பின்னால் தாழ்வாரத்தில் நடந்து போனாள்.